பேக்கேஜா, சம்பளமா? படத்துக்கு இசையமைக்கக் கையெழுத்திடும் முன்

புது இசையமைப்பாளரைத் தயாரிப்பாளர் அலுவலகத்துக்கு அழைத்தால் முதலில் விழும் கேள்வி, "மொத்தமா எவ்வளவு ஆகும்?" என்பதுதான். அந்த 'மொத்தமா'வுக்குப் பெயர் பேக்கேஜ். மெட்டு, பின்னணி இசை, பாடகர், வாத்தியக் கலைஞர், கணினியில் இசையைக் கோக்கும் புரோகிராமர், ஸ்டுடியோ வாடகை, பாட்டுகளின் மிக்ஸிங், மாஸ்டரிங் எல்லாம் ஒரே தொகைக்குள் அடக்கம். செலவு போக மிஞ்சுவது இசையமைப்பாளருக்கு. முதல் பிரதி அடிப்படையில், பேசிய ஒரே தொகைக்குள் முழுப் படத்தையும் எடுத்துக் கொடுப்பார்களே, அதே ஏற்பாடுதான். இன்னொரு முறையில் இசையமைப்பாளருக்குச் சம்பளம் தனி, ஒலிப்பதிவுச் செலவு தனி. பில்லைத் தயாரிப்பு நிறுவனமே நேரடியாகக் கட்டும்.

நான் தேர்ந்தெடுத்தது சம்பளத்தை. அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

பேக்கேஜில் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், வேலை வேகமாக நடக்கும். சம்பளத்தில் பணம் கரையும் பயம் இல்லை. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். முடிவைத் தீர்மானிக்க வேண்டியது வேறொன்று: ரீல் லாக் ஆன பிறகு, அதாவது படத்தின் ஒரு பகுதிக்கு எடிட்டிங் முடிந்துவிட்டது என்று சொன்ன பிறகு, வரும் எடிட் மாற்றம்.

ஒரு கியூவை, அதாவது காட்சிக்கு எழுதிய ஒரு பின்னணி இசைத் துண்டை, எடுத்துக்கொள்வோம். வேகம் 96 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 96 தாளத் தட்டு. படம் விநாடிக்கு 24 ஃபிரேம் என்பதால் ஒரு தட்டுக்குச் சரியாக 15 ஃபிரேம். நான்கு தட்டு சேர்ந்த ஒரு பாருக்கு 60 ஃபிரேம், அதாவது இரண்டரை விநாடி. கியூ தொடங்கி 8 பார் முடிந்ததும், 480 ஃபிரேம் கடந்த இடத்தில், கதவு திறக்கிறது. அங்கே இசையில் ஒரு அடி விழ வேண்டும். ஆர்.ஆர். (பின்னணி இசைப் பதிவு) முடிந்த பிறகு எடிட்டர் அந்தக் காட்சியில் 20 ஃபிரேமைக் குறைக்கிறார். முழுதாக ஒரு விநாடிகூட இல்லை, பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது. ஆனால் கதவு இப்போது 460ல் திறக்கிறது. இசையில் ஒரு தட்டை எடுத்தால் 465 வரும். அடி 5 ஃபிரேம் பிந்தி விழும். கிட்டத்தட்ட 0.2 விநாடி, கதவு திறந்த பிறகு இசை அதிர்வதைக் காது உடனே பிடித்துவிடும். மிச்சமுள்ள 31 தட்டையும் 460 ஃபிரேமுக்குள் அடக்க வேண்டுமானால் வேகத்தை 97.04க்கு ஏற்ற வேண்டும்.

கீபோர்டில் வாசித்த மிடியாக (ஒலியாக இல்லாமல் சுரக் குறிப்பாகக் கணினியில் பதிந்தது) இருந்தால் இது ஐந்து நிமிட வேலை. 12 வயலின், 4 வியோலா, 3 செல்லோ ஒரே அறையில் உட்கார்ந்து வாசித்ததாக இருந்தால் கதை வேறு. ஒரு சதவீத வேக மாற்றத்தை மென்பொருள் சமாளித்துவிடும், காதுக்கும் தெரியாது. எடுத்த அந்த ஒரு தட்டுதான் தெரியும். வில் ஒரே இழுப்பில் கடந்துபோகும் இடத்தில் வெட்டினால் சுரம் பாதியில் அறுபடும். வெட்டுப்பட்ட சுரத்தின் அறை எதிரொலி, அடுத்து வரும் சுரத்தின் மேல் கசியும். மெட்டு மூச்சு விடும் இடம் அருகில் இருந்தால் தப்பிக்கலாம். இல்லையென்றால் திரும்ப வாசிக்க வைக்க வேண்டும். ஒரு தட்டுக்காக கால்ஷீட், ஸ்டுடியோ, இன்ஜினியர், மறுபடி மிக்ஸிங். அதே ரீலில் பின்னால் வரும் கியூக்களும் 20 ஃபிரேம் முன்னால் நகர வேண்டும், ஸ்டெம்களை (வாத்திய வகை வாரியாகப் பிரித்த ஒலித்தடங்கள்) புதிதாக எடுத்து மிக்ஸிங் தியேட்டருக்கு அனுப்ப வேண்டும்.

இந்தச் செலவு யாருடையது? சம்பள முறையில் தயாரிப்பு நிறுவனத்துடையது. பேக்கேஜில் இசையமைப்பாளருடையது. எடிட்டருக்கும் இயக்குநருக்கும் அந்த 20 ஃபிரேம் இலவசமாகக் கிடைப்பதால், மாற்றங்களும் நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். சென்சார் சொல்லும் வெட்டு, வெளியீட்டுக்கு முந்தைய வாரத்தில் நீளத்தைக் குறைப்பது, எல்லாம் இதில் சேரும்.

இதனால் பணத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. பேக்கேஜில் இருப்பவர் எங்கே வெட்டினாலும் தாங்குகிற இசையைத்தான் எழுதத் தொடங்குவார். ஒரே சுரத்தில் நிற்கும் நீண்ட ட்ரோன், பின்னால் மெதுவாக ஏறும் பேட் ஒலி, சாம்பிளில் (முன்பே பதிந்து வைத்த வாத்திய ஒலி) திரும்பத் திரும்ப ஓடும் ஆஸ்டினாட்டோ. வில்லின் மூச்சுக்கு ஏற்ப வளைகிற நீண்ட மெட்டு, குறிப்பிட்ட ஃபிரேமில் வந்து விழும் அடி இரண்டும் கைவிட்டுப் போகும். ஒவ்வொரு வயலினும் தன் சட்டைப்பையிலிருந்து போகிறது என்றால், இசையைக் கேட்கும் காது கணக்குப் பார்க்கும் காதாக மாறிவிடும். சம்பளத்தை நான் வலியுறுத்துவதற்கு முதல் காரணம் இதுதான்.

வரியையும் பார்க்க வேண்டும். 12 லட்சத்துக்குப் பேக்கேஜ், அதில் 8 லட்சம் செலவு என்று வைத்துக்கொள்வோம். கைக்கு நிற்பது 4 லட்சம். ஆனால் பணம் தரும்போதே பிடிக்கும் வரியான டி.டி.எஸ். 10 சதவீதம் முழுத் தொகைக்கும் பிடிக்கப்படும். 1,20,000 ரூபாய் ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்ப வரும்வரை முடங்கிக் கிடக்கும். கணக்குப் புத்தகம் வைக்காமல் வரவில் பாதியை வருமானமாகக் காட்டும் எளிய முறையில் போனால், 4 லட்சம் சம்பாதித்தவர் 6 லட்சத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டியிருக்கும். உண்மைச் செலவைக் காட்டவோ ஒவ்வொரு கலைஞரிடமும் பில் வேண்டும். ஜி.எஸ்.டி. பதிவுக்கான 20 லட்ச வரம்பிலும் முழு 12 லட்சம் சேர்ந்துவிடும். சம்பள முறையில் 4 லட்சத்துக்கு மட்டுமே இவ்வளவும்.

உரிமை விஷயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. 2012ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, திரையரங்கில் படத்தோடு ஓடுவது தவிர்த்த மற்ற பயன்பாடுகளுக்கான ராயல்டியை இசையமைப்பாளர் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுக்கவே முடியாது. எந்த முறையானாலும் ராயல்டியை வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ்.ஸில் உறுப்பினராகி, பாட்டுகளோடு பின்னணி இசையின் கியூ ஷீட்டையும் (எந்த இசை எங்கே, எவ்வளவு நேரம் என்ற பட்டியல்) பதிவு செய்துவிட வேண்டும். பேக்கேஜில் கூடுதல் சுமை ஒன்று: பாடகர், வாத்தியக் கலைஞர் ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் கையெழுத்து வாங்குவது இசையமைப்பாளர் தலையில் வந்து விழும். பதிவு நடக்கும் அன்றே வாங்காவிட்டால், ஆடியோ நிறுவனம் கேட்கும்போது ஒவ்வொருவராகத் தேடி அலைய நேரும்.

சம்பள முறையிலும் தொல்லை உண்டு. "எதுக்கு 12 வயலின், 6 போதாதா?" என்று புரொடக்‌ஷன் மேனேஜர் கேட்பார். அனுமதி வரத் தாமதமாகும், அதற்குள் நல்ல செல்லோக்காரர் வேறு படத்துக்குத் தேதி கொடுத்திருப்பார். எத்தனை கால்ஷீட், எத்தனை பேர், எந்த ஸ்டுடியோ என்று ஒரு பக்கப் பட்டியலை ஒப்பந்தத்தோடு இணைத்துவிட்டால் இதில் பாதி தீரும்.

குறும்படம், ஒரே அறையில் சாம்பிள்களை வைத்து முடிகிற சின்ன பட்ஜெட் த்ரில்லர், லாக்கை மதிக்கும் எடிட்டர் இருக்கும் படம் என்றால் பேக்கேஜே மேல், தயங்காமல் எடுக்கலாம். ஓடிடி தொடர்களைப் பற்றி இதே உறுதியோடு சொல்லமாட்டேன், அங்கே எனக்குப் பழக்கம் குறைவு. ஒரு எபிசோடில் எழுதியது அடுத்ததிலும் பயன்படுவதால் பேக்கேஜ் கட்டுப்படியாகும் என்றே தோன்றுகிறது.

முதல் படத்தில் பேரம் பேசும் பலம் இருக்காது, பேக்கேஜ்தான் கிடைக்கும். அப்போது எவை நீங்கலாக என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். நேரடி ஸ்டிரிங்ஸ் (வயலின், செல்லோ போன்றவை) பதிவு நீங்கலாக. அது சென்னையில் நடந்தாலும் புடாபெஸ்ட்டில் நடந்தாலும் சரி. பிரபல பாடகரின் சம்பளம் நீங்கலாக. மொழிமாற்றப் பதிப்புகள் நீங்கலாக. இதை மறந்தால் தெலுங்கு, மலையாளம், இந்தி என மூன்று முறை பாடகர் செலவும் வரும், பாடகர் குரல் நீக்கிய இசைத் தடங்களையும் தனியே எடுத்துத் தர வேண்டியிருக்கும்.

பணத்தைப் பொறுத்தவரை கையெழுத்தில் 30 சதவீதம், பாட்டுகள் முடிந்ததும் 30, ஆர்.ஆர். தொடங்கும் முன் 30, ஸ்டெம் ஒப்படைக்கும்போது 10. கடைசித் தவணையைப் பட வெளியீட்டோடு கட்டக் கூடாது, படம் பெட்டிக்குள்ளேயே முடங்கினால் அந்தப் பணமும் முடங்கும். லாக் என்பதை ரீல் வாரியாக, தேதியோடு, இயக்குநரின் மின்னஞ்சலாகவே வாங்கி வைக்க வேண்டும். அதன் பிறகு வரும் மாற்றங்களில் மொத்தம் 5 நிமிட இசை வரை இலவசம், அதற்கு மேல் நிமிடத்துக்கு இவ்வளவு, மறுபதிவுச் செலவு தயாரிப்பாளருடையது என்று ஒரு வரி. எங்கே எத்தனை ஃபிரேம் மாறியது என்ற மாற்றப் பட்டியல் இல்லாமல் வெறும் புது வீடியோவை அனுப்பினால் வேலை தொடங்காது என்று இன்னொரு வரி.