காவேரிப்பட்டணத்துக் கடையில் விண்டோஸும் மின்டும்: ஆறு மாதம் ஓட்டிப் பார்த்த கதை

காவேரிப்பட்டணத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். போர்டில்தான் ஜெராக்ஸ். பட்டா சிட்டா, வில்லங்கம், டிஎன்பிஎஸ்சி அப்ளிகேஷன், கல்யாணப் பத்திரிகை, ரேகை வைத்து எடுக்கிற ஆயுள் சான்று எல்லாம் அந்த எட்டுக்குப் பத்து இடத்தில்தான் நடக்கிறது. கடையில் ஒரு சிஸ்டம், வீட்டில் ஒரு பழைய லேப்டாப், தம்பி ரூமில் கேம் ஆட அவனே கட்டிய பெட்டி ஒன்று. இந்த மூன்றிலும் விண்டோஸையும், அதற்குப் பதிலாகக் காசில்லாமல் போட்டுக்கொள்ளக்கூடிய லினக்ஸ் மின்ட் என்ற ஓஎஸ்ஸையும் (ஓஎஸ் என்றால் கம்ப்யூட்டரை இயக்குகிற அடிப்படை மென்பொருள்) மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்ததைத்தான் எழுதுகிறேன். நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. பி.காம்., தமிழ் டைப்ரைட்டிங் லோயர், அவ்வளவுதான்.

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. 11க்குப் போகலாம் என்றால் இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். கடையில் இருப்பது ஐ3, ஆறாம் தலைமுறை. லேப்டாப் திங்க்பேட் டி470, ஐ5தான், ஆனால் ஏழாம் தலைமுறை. பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் 16,500 ரூபாய்க்கு வாங்கியது. ஒரே ஒரு தலைமுறை வித்தியாசத்தில் வாசலிலேயே நின்றுவிட்டது. குறுக்கு வழியில் 11ஐ ஏற்றிக் கொடுக்க எங்கள் ஊரிலேயே ஆள் இருக்கிறார்கள். ஊரார் ஆதார் நகலெல்லாம் வந்து போகிற மெஷினில் அந்த வேலை வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

லினக்ஸ் எனக்குப் புதிதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ப்ளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப்பில் விண்டோஸ் ஒரு பக்கம், பாஸ் லினக்ஸ் ஒரு பக்கம் என்று இரண்டும் இருந்தன. பாஸ் என்பது சி-டாக் உருவாக்கிய நம் நாட்டு லினக்ஸ். அதைத் திறந்து பார்த்தவர்கள் எங்கள் கிளாஸில் இரண்டு பேர் இருந்தால் அதிகம். லேப்டாப் கைக்கு வந்த வாரமே பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் 150 ரூபாய் கொடுத்து, "அண்ணா, அந்த பாஸை அழிச்சிட்டு எல்லா இடத்தையும் விண்டோஸுக்கே குடுத்துடுங்க" என்று சொன்னவள்தான் நானும். அன்றைக்குக் காசு கொடுத்து அழித்ததை இன்றைக்கு ராத்திரி கண் விழித்து நானே ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.

ஏற்றுவது கஷ்டமே இல்லை. மின்ட் 22.2, சினமன் பதிப்பு. இறக்கிய ஃபைல் மூன்று ஜிபிக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது. எட்டு ஜிபி பென்டிரைவில் எழுதி, திங்க்பேடில் எஃப்12 அழுத்தி அதிலிருந்தே ஓட்டினேன். உள்ளே எதையும் அழிக்காமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம் என்பது பெரிய வசதி. வைஃபை, சவுண்டு, டச்பேட் எல்லாம் வேலை செய்கின்றன என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் இன்ஸ்டால் செய்தேன். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. சும்மா நிற்கும்போது மின்ட் 1.2 ஜிபி ராம் எடுக்கிறது. அதே லேப்டாப்பில் விண்டோஸ் 10 மூன்று ஜிபி வரை எடுத்தது. "பறக்குது பார்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது, அதே வாரத்தில் பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டிருந்தேன். பாதிப் புகழ் அதற்குப் போக வேண்டியது. உங்கள் சிஸ்டம் ஆமையாக ஊர்கிறது என்றால் எந்த ஓஎஸ் என்று யோசிப்பதற்கு முன்னால் ஹார்டு டிஸ்க்கை எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள்.

தமிழில் அடிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். என் பிழைப்பே அதில்தான். நான் விரல் பழகியது டைப்ரைட்டர் வரிசையில். கடையில் வானவில் ஃபான்டில் அடிக்கிறேன். பத்திரிகை அடிப்பவர்கள் பாமினியில் கொண்டு வருவார்கள். அரசாங்கம் 2010இலேயே, எந்த மெஷினில் திறந்தாலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடுதான் தரம் என்று ஆணை போட்டது. ஆனாலும் என் கடைக்கு வருகிற பென்டிரைவுகளில் பாதி இன்னும் பழைய ஃபான்டில்தான் இருக்கின்றன. அந்த ஃபான்ட் இல்லாத மெஷினில் திறந்தால் மணமகன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கும்பலாக நிற்கும்.

மின்டில் அந்த ஃபான்டுகளை ஏற்றலாம், படிக்கலாம், பிரிண்ட் எடுக்கலாம். அந்த மட்டும் சரி. விண்டோஸுக்கென்று செய்த தட்டச்சு மென்பொருள் மட்டும் அங்கே வராது. போச்சு என்று நினைத்தேன். பல மொழிகளில் அடிக்க உதவுகிற ஐபஸ், எம்17என் என்ற இரண்டையும் இன்ஸ்டால் செய்து, லாகவுட் ஆகி உள்ளே வந்து பார்த்தால் தமிழுக்கு ஒரு பட்டியலே இருக்கிறது: தமிழ் 99, இன்ஸ்கிரிப்ட், ஒலி வழி அடிப்பது, கூடவே டைப்ரைட்டர்! வானவில்லில் அடிக்கிற அதே விரலில் அடித்தால் யூனிகோடில் வந்து விழுகிறது. இன்ஸ்டிடியூட்டில் ரிப்பன் மசி ஒட்டிய கையோடு பழகிய வரிசை, காசில்லாத ஒரு ஓஎஸ்ஸின் மூலையில் எனக்காகக் காத்திருந்த மாதிரி இருந்தது. ஒரு பக்கம் முழுக்க அடித்துவிட்டுத்தான் எழுந்தேன். புதிதாகப் பழகுகிறவர்கள் தமிழ் 99க்கே போங்கள். உயிரெழுத்து இடது கை, மெய் வலது கை, ஒரே எழுத்தை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும். விண்டோஸிலும் தமிழ் 99 கூடவே வருகிறது, எதையும் தனியாக இறக்க வேண்டாம்.

மெனுவையும் தமிழுக்கு மாற்றிப் பார்த்தேன். மேலே தமிழ், உள்ளே போகப் போக ஆங்கிலம். இரண்டு நாளில் திருப்பிவிட்டேன்.

இவ்வளவு பிடித்த பிறகு கடை சிஸ்டத்திலும் மின்டைப் போட்டுவிடலாமே என்று அக்டோபர் கடைசியில் இறங்கினேன். நல்ல வேளை, விண்டோஸை அழிக்காமல் பக்கத்திலேயே போட்டேன். பட்டா சிட்டா, வில்லங்கம், கரண்ட் பில் எல்லாம் பிரௌசரில் நடப்பவை, ஃபயர்ஃபாக்ஸ் போதும். எச்பி லேசர் பிரிண்டரைச் சொருகியதும் அதுவே கண்டுகொண்டது. அப்டேட் வந்தால் மூலையில் சின்னதாக ஒரு கேடயம் தெரியும், நாம் சொல்கிற வரைக்கும் சும்மா இருக்கும். (விண்டோஸிலும் வேலை நேரத்தைக் குறித்து வைத்தால் அந்த நேரத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆகாது. அதைக் குறிக்காமல் நாலு வருடம் ஓட்டி, டிஎன்பிஎஸ்சி கடைசி நாளன்று ஒரு பொண்ணை அழவைத்தவள் நான்தான்.) வேர்டில் டேபிள் போட்ட ஃபைலை லிப்ரே ஆஃபீஸில் திறந்தால் கோடு கொஞ்சம் நகர்ந்து நிற்கிறது. பயோடேட்டாவுக்குப் பரவாயில்லை, கோட்டுக்குள் அடங்க வேண்டிய அரசாங்கப் படிவத்துக்கு ஆகாது.

நவம்பர் வந்தது. ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலை பார்த்து ரிட்டயர் ஆன பெரியவர் ஒருவர் வருடா வருடம் ஆயுள் சான்றுக்கு வருவார். ரேகை மெஷினைச் சொருகினேன். மின்ட் அதைப் பார்த்தது, 'ஏதோ ஒரு யூஎஸ்பி பொருள்' என்ற அளவில். மெஷின் செய்த கம்பெனியிடம் என் மாடலுக்கு லினக்ஸ் மென்பொருள் இல்லை; போன் போட்டால் "விண்டோஸ் இல்லேன்னா ஆண்ட்ராய்டு மேடம்" என்று வைத்துவிட்டார்கள். ஆயுள் சான்று எடுக்கிற ஜீவன் பிரமாண் செயலியும் லினக்ஸுக்குக் கிடையாது. பெரியவர் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருக்கிறார். "உசுரோடதாம்மா இருக்கேன், உம் மெஷின் ஒத்துக்க மாட்டேங்குதா?" ரீஸ்டார்ட் செய்து விண்டோஸுக்குப் போய் எடுத்துக் கொடுத்தேன். அன்றோடு கடையில் மின்ட் பரீட்சை முடிந்தது.

மின்டின் மேல் இதில் தப்பே கிடையாது. வீட்டில் ஓஎஸ்ஸை நாம் தேர்ந்தெடுக்கலாம், கடையில் அதைச் சொருகுகிற மெஷின்தான் தேர்ந்தெடுக்கிறது. டேலி என்ற கணக்கு மென்பொருள் வைத்திருப்பவர்களும் இதே கட்சிதான். இப்போது கடை சிஸ்டத்தில் விண்டோஸ் 10தான் ஓடுகிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் போட ஒப்புக்கொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் காசில்லாமல் கிடைக்கிறது. இல்லாவிட்டால் 30 டாலர். நான் கணக்கில் நுழைந்துவிட்டேன். அதற்குள் எஸ்.பி. ரோடு ஒரு நடை போய், எட்டாம் தலைமுறைக்கு மேலே ஒரு சின்னப் பெட்டி பார்க்க வேண்டும்.

அடுத்தது கேம். வீட்டில் இதற்கு இரண்டு பேர்.

தம்பி ஓசூரில் ஷிப்டு வேலை. ரைசன் 5 5600, ஆர்எக்ஸ் 6600 போட்டு அவன் கட்டிய பெட்டியில் இரண்டாவது எஸ்எஸ்டி ஒன்றில் மின்டை ஏற்ற வைத்தேன். ஏஎம்டி கார்டுக்கு டிரைவர் தனியாகத் தேட வேண்டியதில்லை, லினக்ஸின் உட்கருவான கெர்னலோடு வருகிறது; என்விடியா என்றால் டிரைவர் மேனேஜரில் ஒரு தட்டு தட்ட வேண்டும். கவுன்டர் ஸ்ட்ரைக் 2 நேரடியாகவே லினக்ஸில் ஓடுகிறது. விண்டோஸுக்கென்று செய்த கேம்களை வால்வ் நிறுவனம் 2018இல் கொண்டுவந்த புரோட்டான் என்ற மென்பொருள் லினக்ஸில் ஓட்டிக் கொடுக்கிறது. அவர்களுடைய கையடக்க கேம் மெஷினான ஸ்டீம் டெக் நிற்பதே அந்தக் காலில்தான். ஜிடிஏ 5 கதை முழுக்க ஓடியது. சில கேம்களில் முதல் தடவை ஷேடர் (கிராபிக்ஸ் கார்டுக்கான சின்ன நிரல்கள்) தயாராகிற வரை டீ குடித்துவிட்டு வரலாம், அடுத்த முறையிலிருந்து சிக்கலில்லை.

எல்லாம் சரி, அவன் ஆடுவது வேலரன்ட் என்ற ஆன்லைன் சுடும் கேம். அதன் வான்கார்டு, சிஸ்டம் ஆன் ஆகும்போதே கெர்னலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு யார் திருட்டு ஆட்டம் ஆடுகிறார்கள் என்று பார்க்கிற காவல்காரன். லினக்ஸில் அதற்கு வழியே கிடையாது. விண்டோஸ் 11இல்கூட டிபிஎம்மும், செக்யூர் பூட் என்ற தொடக்கப் பாதுகாப்பும் இருந்தால்தான் உள்ளே விடும். ஃபோர்ட்நைட்டும் லினக்ஸில் இல்லை. ஏபெக்ஸ் என்ற கேம் 2024இல் லினக்ஸுக்குக் கதவைச் சாத்திவிட்டது. ஜிடிஏ ஆன்லைனும் 2024 செப்டம்பரில் பேட்டில்ஐ என்ற இன்னொரு காவல்காரன் வந்த பிறகு அப்படித்தான். ஒன்பது நாள் பொறுத்தான். பத்தாம் நாள் காலை ஒன்பதுக்கு விண்டோஸுக்குள் போனால் கடிகாரம் மூன்றரை காட்டுகிறது. மெஷினுக்குள் இருக்கிற கடிகாரத்தை லினக்ஸ் உலக நேரத்தில் வைக்கும், விண்டோஸ் அதையே நம் ஊர் நேரம் என்று படிக்கும். நமக்கு ஐந்தரை மணி நேரம் இடிக்கும். மின்டில் ஒற்றை வரிக் கட்டளையில் சரியாகிற விஷயம். "நீயே வச்சுக்கோக்கா" என்று எஸ்எஸ்டியைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டான். நாலு பேர் சேர்ந்து ஆன்லைனில் சுடுகிற கேம்தான் உயிர் என்றால் விண்டோஸ் 11 போட்டுக்கொள்ளுங்கள், யோசிக்கவே வேண்டாம்.

இரண்டாவது ஆள் நான். நான் ஆடுவது யூரோ டிரக் சிமுலேட்டர் 2, ஐரோப்பாவில் லாரி ஓட்டுகிற கேம். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். சீசனில் மாம்பழக் கூழ் டிரம், மற்ற நாளில் கிடைத்த லோடு. அவர் டெல்லி போயிருக்கிற ராத்திரிகளில் நான் டி470இல் இதை ஓட்டிக்கொண்டிருப்பேன். இதற்கு லினக்ஸ் பதிப்பே தனியாக இருக்கிறது, புரோட்டான்கூட வேண்டாம். கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப், திரைத் துல்லியத்தை 720இல் வைத்து மற்ற எல்லாவற்றையும் கீழே இறக்கினால் நொடிக்கு முப்பது ஃப்ரேம் கிட்டே நிற்கிறது. விண்டோஸ் 10இல் ஓடியதற்கும் இதற்கும் என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஒரு தடவை அவர் வீட்டில் இருந்தபோது உட்கார வைத்தேன். இருபது வருடம் இடது பக்கம் ஓட்டிய கை. ஜெர்மனியில் எடுத்த எடுப்பில் எதிர்த் திசையில் ஏறி, மூன்று நிமிடத்தில் இரண்டு ஃபைன். "ஏம்மா, எல்லாரும் ராங் சைடுல வர்றானுங்க" என்றார். அழித்து, இங்கிலாந்தில் ஆரம்பித்துக் கொடுத்தேன், அங்கே நம்மைப் போல இடது பக்கம். அப்புறம் ரிவர்ஸ் எடுத்த அழகைப் பார்க்க வேண்டும். நான் நாற்பது நிமிடம் முட்டி மோதிய இடத்தில், அம்புக்குறி பட்டனை வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் டிரெய்லரைக் கோட்டுக்குள் நிறுத்தினார். டோல் வந்தது, நின்று பட்டனை அழுத்திக் காசு கட்ட வேண்டும். "கிருஷ்ணகிரி டோல்ல பாஸ்டேக்ல பறக்கிறோம், இவனுங்க இன்னும் சில்லறை வாங்குறானா" என்றார். கொஞ்ச தூரம் போனதும் திரையில் டிரைவர் கொட்டாவி விட்டான், தூங்கச் சொல்லி எச்சரிக்கை வந்தது. அவர் கையை எடுத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்ல முதலாளிதான்" என்றார்.

மேக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாத்தனார் மேக்புக் ஏர் வைத்திருக்கிறாள். தமிழ் 99, அஞ்சல் என்ற இரண்டு தமிழ் விசை வரிசைகளும் உள்ளேயே இருக்கின்றன, பேட்டரி நாள் முழுக்க நிற்கிறது. கேம் கணக்கில் தேறாது. கவுன்டர் ஸ்ட்ரைக் 2கூட மேக்குக்கு வரவில்லை. டிரக் மட்டும் அங்கேயும் ஓடுகிறது. என் ரேகை மெஷினை அதில் சொருகிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

டி470இல் மின்ட்தான். அதில் இனி விண்டோஸ் ஏற்றுகிற எண்ணம் இல்லை. வீட்டுக்காரர் இன்று காலை நாக்பூர் தாண்டிவிட்டதாகப் போன் செய்தார். கார்டிஃபுக்குப் போகிற அவருடைய லோடு ஒன்று பாதியில் நிற்கிறது, அதைத் தொட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்.