கணக்கு வேலையிலிருந்து காமிக்ஸுக்கு: ஒரு பேனா டேப்லெட்டும் நான்கு ஆண்டுகளும்

கணக்குப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே காமிக்ஸ் வரையப் பழகிய காலத்தில் வாங்கிய டேப்லெட் இது. திரை இல்லாத வகை: பேனா மேசையில் வைத்த பலகைமேல் ஓடும், கோடு கணினியில் தெரியும். முதல் இரண்டு ஆண்டுகள் மாலை நேரத்தில் மட்டும், அடுத்த இரண்டு ஆண்டுகள் முழுநேரத் தொழிலாக.

கண் ஓரிடம், கை ஓரிடம் என்பது மூன்று வாரத்தில் பழகிவிட்டது. ஆனால் போட்ட வட்டமெல்லாம் முட்டையாகவே வந்தது. மாதக்கணக்கில் என் கையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். டேப்லெட்டின் நீள அகல விகிதமும் திரையின் விகிதமும் வேறு வேறு. செட்டிங்கில் அதைச் சரிசெய்ததும் வட்டம் வட்டமாகிவிட்டது. புதிதாக வாங்குபவர்கள் முதல் நாளே இதைப் பார்த்துவிடுங்கள்.

பெட்டியில் 8192 அழுத்த நிலைகள் என்று போட்டிருந்தது, அதாவது பேனாவை அழுத்தும் பலத்தை அத்தனை படிகளாகப் பிரித்து உணருமாம். நான்கு ஆண்டுகளில் அதனால் எனக்கு ஒரு நன்மையும் தெரியவில்லை. மெல்லத் தொட்டாலே கோடு விழுகிறதா என்பதுதான் முக்கியம். எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு தடிமனான கோடு என்பதைத் தீர்மானிக்கும் அழுத்த வளைவை செட்டிங்கில் இளக்கி வைத்த பிறகு மணிக்கட்டு வலி குறைந்தது.

வேலையை விடலாமா என்று யோசித்தபோது பழைய புத்தி உதவியது. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஆன நேரத்தைக் குறித்து வைத்தேன். சராசரி 14 மணி. மாதம் 24 பக்கம் என்றால் 336 மணி நேரம். தூக்கத்தை விற்றால்தான் முடியும். எங்கே போகிறது என்று பார்த்தால், பாதி நேரம் மை கட்டுவதில், அதாவது வரைவின் மேல் இறுதிக் கோடு போடுவதில். அச்சுக்கு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) வேண்டும் என்பதால் ஏ4 பக்கமே 4960 × 7016 பிக்சல் வரும். அதை நான்கு மடங்கு பெரிதாக்கி, சட்டைப் பொத்தானுக்கு நிழல் போட்டுக்கொண்டிருந்தேன். பிடிக்காத கோட்டை அழித்து அழித்து இருபது முறை போட்டேன். தாளில் வரைந்த காலத்தில் இந்தச் சொகுசு ஏது?

அப்புறம் ஒரு பக்கத்தை அச்செடுத்துப் பார்த்தேன். பொத்தான் ஒரு புள்ளி, நிழல் காணோம். அன்றிலிருந்து மை கட்டும்போது இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாக்குவதில்லை. கோடு பிசகினால் மூன்று முறை, அதற்கு மேல் அப்படியே விட்டுவிடுவேன். எட்டு மாதத்தில் பக்கத்துக்கு 8 மணிக்கு வந்தது. அதாவது மாதம் 192 மணி நேரம். வேலையை விட்டது அதற்குப் பிறகுதான்.

குறைகள்? பேனா முனை சரிவாகத் தேயும். மாற்றாமல் ஓட்டினால் பரப்பைக் கீறும். வழவழப்பு பிடிக்காமல் மேலே தாள் ஒட்டினேன், முனை இன்னும் வேகமாகத் தேய்ந்தது. மூன்றாம் ஆண்டில் கேபிள் செருகும் இடம் தளர்ந்தது. கேபிளை ஒரு பக்கமாக வளைத்து டேப் ஒட்டி ஓட்டுகிறேன். ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்து வரைவதால் கழுத்து பிழைத்தது. இது பழுதானாலும் இதே வகையைத்தான் வாங்குவேன்.

பக்க அமைப்பு மட்டும் இன்னும் தாளில்தான். வசனம் எங்கே வரும், யார் முதலில் பேசுவது என்பதையெல்லாம் உள்ளங்கை அளவுக் கட்டத்தில் பென்சிலால் தீர்த்துக்கொள்கிறேன். எழுதாமல் மிச்சமிருந்த பழைய லெட்ஜர் நோட்டு ஒன்று அதற்குத்தான் பயன்படுகிறது.