டிஸ்க் இல்லாத 30 கணினிகள்: உப்புக் காற்றில் நான்கு வருடம்

எங்கள் லேபுக்கும் கடலுக்கும் நடுவே ஈசிஆர் சாலையும் கொஞ்சம் பனைமரமும்தான். ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் ஒரு சின்னக் கலை அறிவியல் கல்லூரி. மொத்தம் 38 கணினி. பார்த்துக்கொள்ள நானும் ஒரு லேப் உதவியாளரும். 2021-இல் ஊரடங்கு முடிந்து கதவைத் திறந்தபோது பாதிக்கு மேல் உயிரே வரவில்லை. உயிர் வந்தவற்றில் விண்டோஸ் 7. அதற்கான பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரியிலேயே நின்றுவிட்டது. அப்போதுதான் 30 கணினிகளை எல்டிஎஸ்பி என்ற இலவச மென்பொருள் ஏற்பாட்டுக்கு மாற்றினேன்.

தெரியாதவர்களுக்கு: இதில் கணினிக்குள் ஹார்ட் டிஸ்க் வேண்டாம். பவர் பட்டனை அமுக்கினால், சர்வர் என்ற பொதுக் கணினியில் இருக்கும் உபுண்டு இமேஜை (விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளத்தின் முழு நகல்) நெட்வொர்க் வழியாக எடுத்துக்கொண்டு எழும்பும். பிள்ளைகளின் ஃபைல்களும் சர்வரில்தான். இலவசம் என்பதற்காக நான் இதற்கு வரவில்லை. உப்புக்குப் பயந்துதான் வந்தேன்.

ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று திரும்பினால் மேசையைத் தொட்டாலே பிசுபிசுக்கும். ஹார்ட் டிஸ்கைக் கழற்றிப் பார்த்தால் அடியில் இருக்கும் சர்க்யூட் போர்டின் தொடுபுள்ளிகள் கறுத்திருக்கும். மலிவான நெட்வொர்க் கேபிள் முனையில் பித்தளைச் சொம்பு மாதிரிப் பச்சையாகக் களிம்பு. ரேம் மட்டும் சமர்த்து: பீப் பீப் என்று கத்தும்போது கழற்றி, பென்சில் ரப்பரால் பல் வரிசையை நாலு தேய் தேய்த்துச் செருகினால் எழுந்துவிடும். டிஸ்கை எடுத்துவிட்டதால் வாரம் ஒரு சாவு என்பது நின்றது. இப்போது போவது பெரும்பாலும் கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டிதான், அதை மாற்றப் பத்து நிமிடம்.

தொல்லை இல்லாமல் இல்லை. முதல் நாள், கணினிகளைச் சர்வரோடு இணைக்கும் பழைய 100 எம்பிபிஎஸ் நெட்வொர்க் சுவிட்சில் 30 கணினியையும் ஒரே நேரத்தில் போட்டேன். டீ குடித்துவிட்டு வந்தும் பாதி எழும்பவில்லை. அதைவிடப் பத்து மடங்கு வேகமான கிகாபிட் சுவிட்ச் வாங்கிய பிறகுதான் சரியானது. 2 ஜிபி ரேம் போதும் என்று நம்பியதும் தப்பு. ஃபயர்பாக்ஸில் நாலு டேப் திறந்தால் கை கால் ஓய்ந்துவிடும். 4 ஜிபிக்குக் கீழே இறங்காதீர்கள்.

மனிதர்களைச் சமாளிப்பது அதைவிடக் கஷ்டம். சி புரோகிராம் எழுதும் பழைய டர்போ சி-யில் வளர்ந்த ஆசிரியர்களுக்கு, உபுண்டுவில் அதற்குப் பதிலாக வந்த ஜிசிசி-யில் திரையைத் துடைக்கும் "கிளியர் ஸ்கிரீன்" கட்டளை வேலை செய்யாதது பெரிய மனவருத்தம். ரெக்கார்டு நோட்டில் இருக்கிற புரோகிராமை எல்லாம் திருத்த வேண்டி வந்தது. தமிழ்த்துறை ஐயா பென்டிரைவோடு வந்து, "என்ன தம்பி, என் வினாத்தாளை வெள்ளைக்காரன் எழுதுன மாதிரி காட்டுது?" என்றார். பாமினி எழுத்துரு இல்லாத இடத்தில் தமிழ் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடந்தது. யூனிகோடில் தமிழ் அடிக்கத் தமிழ்99 விசைப்பலகையைப் பழகச் சொன்னேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார். இன்றும் பாமினியில் அடித்து அனுப்புகிறார், நான் எந்தக் கணினியிலும் தெரியும் யூனிகோடுக்கு மாற்றிக் கொடுக்கிறேன்.

ஒருமுறை மாதிரித் தேர்வு அன்று சர்வரே படுத்துவிட்டது. 30 திரையும் கறுப்பு, 30 பிள்ளைகளும் கை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். அந்த அவமானத்துக்குப் பிறகுதான் இன்னொரு பழைய டெஸ்க்டாப்பில் இமேஜின் நகலை வைத்து, தினம் ராத்திரி ஃபைல்களையும் அதில் நகலெடுக்கிறேன். முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

விதிமுறைகள் விஷயத்தில் நான் எதிர்பார்க்காத லாபம் கிடைத்தது. முன்பு இரண்டு பக்கத்துக்கு "செய்யாதே" பட்டியல் ஒட்டியிருந்தோம், யாரும் படித்ததில்லை. இப்போது வால்பேப்பரை மாற்றினாலும் கண்டதை டவுன்லோடு செய்தாலும் அந்தப் பிள்ளையின் 2 ஜிபி இடத்தோடு முடிந்தது, அடுத்தவருக்குப் பாதிப்பில்லை. அதனால் பாதி விதியைக் கிழித்துப் போட்டோம். மிஞ்சியதில் முக்கியமானது, பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்காதே என்பது. அதை மீறுவது மாணவர்கள் இல்லை, மார்க் ஏற்றச் சொல்லி மாணவனிடமே பாஸ்வேர்டைக் கொடுக்கும் ஆசிரியர்கள்தான். யார் எப்போது நுழைந்தார்கள் என்ற பதிவை 180 நாள் வைத்திருக்கிறேன். மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-இல் போட்ட உத்தரவில் உள்ள கணக்கு அது. அந்தப் பதிவைக் காட்டி ஒருவரிடம் பேசியதற்கு மூன்று மாதம் என்னோடு பேசாமல் இருந்தார்.

உபுண்டு 20.04-க்கான ஆதரவு 2025-இல் முடிந்ததால் கோடை விடுமுறையில் 24.04-க்கு மாறினேன். இரண்டு நாள் வேலை, அதில் ஒன்றரை நாள் பிரிண்டரோடு.

மீதி 8 கணினி வணிகவியல் துறைக்கு. அவர்கள் படிக்கும் டாலி என்ற கணக்கு மென்பொருளுக்கு விண்டோஸ் வேண்டும், வேறு வழியில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. அந்த எட்டில் ஐந்தில்தான் விண்டோஸ் 11 ஏறியது. மீதி மூன்றின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கி வைத்திருக்கிறேன். டாலியின் கல்விப் பதிப்புக்கு இன்டர்நெட் தேவையில்லை. மாதத்தில் 1, 2, 31 தேதிகளில் மட்டும் பதிவு போட விடும். எங்கள் பிள்ளைகள் நடத்தும் கடைகளில் மற்ற நாளெல்லாம் லீவுதான்.