அமால்ஃபி கடற்கரையில் மீன் சாப்பிடப் போகிறவர்கள் கவனத்துக்கு

இத்தாலியில் அமால்ஃபி கடற்கரைப் பக்கம் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். பொசித்தானோவில் கடலைப் பார்த்தபடி மேசை போட்டிருந்த ஓர் உணவகத்தில் என்னையும் அம்மாவையும் ஏமாற்றிவிட்டார்கள்.

அம்மாவுக்கு மீன் என்றால் உயிர். உட்கார்ந்ததும் ஐஸ் பரப்பிய தட்டில் முழு மீன்களைக் கொண்டுவந்து காட்டினார்கள். விலை ஒரு எட்டோவுக்கு, அதாவது 100 கிராமுக்கு, 9 யூரோ என்று மெனுவில் இருந்தது. இந்தக் கடற்கரையில் முழு மீனை இப்படித்தான் விற்கிறார்கள், அதில் தப்பில்லை. "எவ்வளவு எடை வரும்?" என்று கேட்டேன். "சின்ன மீன்தான், இரண்டு பேருக்குச் சரியாக இருக்கும்" என்றார் பரிமாறுபவர். எடை போட்டுக் காட்டவே இல்லை.

மீன் வந்தபோது தலையும் இல்லை, முள்ளும் இல்லை. உள்ளேயே சுத்தம் செய்து இரண்டு மெல்லிய துண்டுகளாக வைத்திருந்தார்கள். பில்லில் 1.4 கிலோ, 126 யூரோ! அந்தத் துண்டுகள் அவ்வளவு பெரிய மீனிலிருந்து வந்தவை என்று நான் இன்றும் நம்பவில்லை. ஆனால் நிரூபிக்க என்ன இருக்கிறது? எலும்புகூட மிச்சமில்லை. அம்மா அதற்கப்புறம் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

மேசைக்கட்டணமான கொப்பெர்த்தோ மெனுவில் இருந்தது, சரி, அது அங்கே வழக்கம். ஆனால் மெனுவில் எங்கேயும் இல்லாத 15 சதவீத சேவைக் கட்டணத்தையும் சேர்த்திருந்தார்கள். பில்லோ கையால் எழுதிய துண்டுச்சீட்டு. ஸ்கொன்ட்ரீனோ, அதாவது அச்சிட்ட வரி ரசீது, வேண்டும் என்று உறுதியாகக் கேட்டேன். அது வந்தபோது சேவைக் கட்டணம் காணாமல் போயிருந்தது. மீனின் எடை மட்டும் மாறவில்லை.

அதனால் மீனை உங்கள் கண்முன் எடை போட்டு, மொத்த விலையைச் சொன்ன பிறகே அடுப்புக்கு அனுப்பச் சொல்லுங்கள். முழுசாகவே மேசைக்கு வரட்டும், முள்ளை அங்கேயே எடுக்கட்டும். மெனுவில் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் அது பெரும்பாலும் உறையவைத்த சரக்கு. அடிக்குறிப்பைப் பாருங்கள். ரசீது தர மறுத்தால் நிதிக் காவல்துறையின் எண் 117.

இந்தக் கடற்கரையின் உண்மையான சாப்பாட்டுக்கு இவ்வளவு செலவே தேவையில்லை. அமால்ஃபியிலிருந்து சலேர்னோ போகும் பஸ்ஸில் ஏறி சேத்தாராவில் இறங்குங்கள். மீன்பிடி ஊர். நெத்திலியை உப்போடு மரப்பீப்பாயில் அடுக்கி, மேலே கனம் வைத்து மாதக்கணக்கில் ஊறவிட்டு வடிக்கிற மீன்சாறான கொலத்தூராவுக்குப் பேர்போன ஊர் அது. பூண்டு, ஆலிவ் எண்ணெயோடு அதைச் சேர்த்துக் கிளறிய ஸ்பகெட்டி ஒரு தட்டு போதும், எடைக்கணக்கே கிடையாது. அம்மா அதை ரசித்துச் சாப்பிட்டார். வழியில் மினோரியில் ரிக்கோத்தா பாலாடைக்கட்டி சேர்த்த உந்துந்தேரி உருண்டைகளையும் கேட்டுப் பாருங்கள். மதியம் 3 மணிவாக்கில் பல இடங்களில் சமையலறையை மூடிவிடுவார்கள், அதற்குள் போய்ச் சேருங்கள்.