பொடி எழுத்தில் ஒரு வரி: ஒரு பரிசோதனைக்கூடத்தின் அறிக்கை பற்றி

ஓராண்டாக ஒரே பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் கொடுத்து வருகிறேன். ஊசி குத்தும் கைநேர்த்தியிலோ அறிக்கை வந்து சேரும் வேகத்திலோ குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் பாராட்ட விரும்புவது, ஒவ்வொரு பரிசோதனையின் பெயருக்குக் கீழும் எந்த முறையில், எந்த அனலைசரில் (அளக்கும் கருவியில்) அளந்தார்கள் என்று அவர்கள் பொடி எழுத்தில் அச்சிடும் ஒரு வரியை.

முன்பு சென்றுவந்த இடத்தில், தாளின் அடியில் ‘முழுவதும் தானியங்கிக் கருவியில் செய்யப்பட்டது’ என்று மட்டும் இருக்கும். அது விளம்பரமே தவிரத் தகவல் அல்ல. அங்கே 1.3 என்றிருந்த கிரியேட்டினின் (சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் கூடும் கழிவுப்பொருள்) இங்கே 1.1 என்று வந்தபோது குழம்பிப்போய், பழைய இடத்துக்குத் தொலைபேசியில் பேசிக் கேட்டேன். அவர்களுடையது ஜாஃபே முறை. இங்கே அச்சாகியிருந்தது என்சைம் முறை. ஜாஃபே முறையில் பிக்ரிக் அமிலத்தோடு கிரியேட்டினின் சேர்ந்து தரும் செம்மஞ்சள் நிறத்தை அளக்கிறார்கள். ஆனால் புரதம், குளுக்கோஸ், கீட்டோன் போன்றவையும் அந்த நிறத்தில் கொஞ்சம் பங்கு போட்டுக்கொள்வதால் எண் சற்றுக் கூடுதலாக வரக்கூடும். சிறுநீரகம் திடீரெனத் தேறிவிட்டதாக நான் மகிழ்ந்திருந்தால் அது வீண் மகிழ்ச்சியாகவே இருந்திருக்கும்.

எல்.டி.எல். கொழுப்புக்கு நேராக ‘கணக்கிடப்பட்டது’ என்று போடுகிறார்கள்; அதாவது நேரடியாக அளக்காமல், மற்றக் கொழுப்பு அளவுகளிலிருந்து சூத்திரத்தால் பெற்ற எண். இதுவும் நேர்மையான செயல்தான், ஏனெனில் வழக்கமான ஃப்ரீட்வால்ட் சூத்திரம் டிரைகிளிசரைடு என்ற இன்னொரு ரத்தக் கொழுப்பு 400 mg/dL-ஐத் தாண்டினால் கைகொடுக்காது.

குறைகளும் உண்டு. அனலைசரின் நிறுவனப் பெயர் இருக்கிறது, மாடல் இல்லை. வைட்டமின் டி பரிசோதனையை வெளியே அனுப்பிச் செய்கிறார்கள் போலும். அங்கே அந்த வரியே காலியாக இருந்தது. தேவைப்படும் இடங்களில் பரிசோதனை முறையையும், வேறு கூடத்தில் செய்யப்பட்டவை எவை என்பதையும் அறிக்கையில் காட்ட வேண்டும் என்பது மருத்துவப் பரிசோதனைக்கூடங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 15189 தரநிர்ணயத்தின் எதிர்பார்ப்பு.

பெரிய குறை அவர்களுடைய செயலியில்தான். நான் பதிவேற்றிய பழைய அறிக்கையின் 1.3-ஐயும் இவர்களுடைய 1.1-ஐயும், முறை பற்றி ஒரு சொல்லும் இல்லாமல், ஒரே கோட்டால் இணைத்து ‘முன்னேற்றம்’ என்று பச்சை நிறத்தில் காட்டுகிறது. அந்த வரைபடத்தை ஒதுக்கிவிட்டு, இரண்டு தாள்களையும் கையில் எடுத்துக்கொண்டுதான் மருத்துவரைப் பார்க்கப் போகிறேன்.