லிப்ரே ஆபீஸ் கால்க்: டூபி மேட்ச் பண்ண இது போதுமா?

சின்ன கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்குறவங்களுக்கு, மாசாமாசம் 14-ம் தேதி ஜிஎஸ்டி டூபி (ஜிஎஸ்டிஆர்-2பி, நமக்கு சரக்கு வித்த பார்ட்டிங்க ஏத்துன பில்லெல்லாம் வர்ற பட்டியல்) வந்ததும் பர்ச்சேஸ் ரிஜிஸ்டரோட ஒத்துப் பாக்குற வேலைக்கு, எக்ஸெல் மாதிரியே இலவசமா கிடைக்கிற கால்க் தாராளமா போதும், அதுக்குன்னு காசு கட்டி எக்ஸெல் வாங்கத் தேவையில்ல. ஆனா 24.8 வெர்ஷனோ அதுக்கு மேலயோ இருக்கணும். எக்ஸ்லுக்கப் (ஒரு ஷீட்ல இருக்குறதை இன்னொண்ணுல தேடி எடுக்குற ஃபங்ஷன்), ஃபில்டர், யூனிக் எல்லாம் 2024 ஆகஸ்ட்ல வந்த அந்த வெர்ஷன்லதான் சேத்தாங்க, பழசு வச்சிருந்தா மொதல்ல அப்டேட் போடுங்க.

எனக்கு இதுல ரொம்பப் புடிச்சது கண்ட்ரோல் எஃப்8. அழுத்துன உடனே நம்பர் எல்லாம் நீலம், டெக்ஸ்ட் கருப்பு, ஃபார்முலா பச்சைனு கலர் மாறிடும். எக்ஸ்போர்ட் பண்ணி எடுத்த ஷீட்ல தொகை பாக்க நம்பர் மாதிரியே இருக்கும், உள்ள டெக்ஸ்ட்டா உக்காந்திருக்கும், சம் போட்டா பூஜ்யம்னு காட்டும், நாம ஃபார்முலாவ மாத்தி மாத்தி அடிச்சுட்டு இருப்போம். தேதியும் அப்டித்தான், கருப்பா தெரிஞ்சா அது தேதியே இல்ல. காலமை செலக்ட் பண்ணி டேட்டா மெனுல டெக்ஸ்ட் டு காலம்ஸ் போய், நாள் மாசம் வருஷம்னு வரிசை குடுத்தா சரியாயிடும்.

அடுத்தது பில் நம்பர், டூபில முக்காவாசி தலைவலி இங்கதான். பார்ட்டி 'எஸ்ஆர்/045/25-26'னு ஏத்திருப்பாரு, நம்ம ஆபீஸ்ல 'எஸ்ஆர்-045-25-26'னு என்ட்ரி விழுந்திருக்கும், எந்த லுக்கப்புக்கும் சிக்காது. கால்க்ல ரீஜெக்ஸ்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு, எழுத்தும் எண்ணும் தவிர மத்த குறியெல்லாம் தூக்குனு ஒரே ஃபார்முலால சொல்லிடலாம். ரெண்டு ஷீட்லயும் அப்டி சுத்தம் பண்ணி, முன்னாடி ஜிஎஸ்டி நம்பரை ஒட்டி தனி காலம் வச்சுக்கோங்க, ரெண்டு ஷீட்டையும் ஒத்துப் பாக்க அதுதான் சாவி. 045-க்கு பதிலா 45னு அடிச்சிருந்தா மட்டும் கண்ணாலதான் பாக்கணும்.

இங்க எல்லாரும் எக்ஸ்லுக்கப் போடுவாங்க, நான் சம்இஃப்ஸ்தான் போடுவேன், பொருந்துற எல்லா ரோவையும் அது கூட்டிக் குடுத்துடும். ஒரே பில்ல 5 பர்சன்ட் சரக்கும் 18 பர்சன்ட் சரக்கும் இருந்தா ரிஜிஸ்டர்ல ரெண்டு ரோவா வரும், லுக்கப் மொத ரோவோட நின்னுக்கும், டாக்ஸ் குறையுதுனு சும்மா பார்ட்டிக்கு போன் போட்டு வாங்கிக் கட்டிக்கணும். பில் இருக்கா இல்லையானு மட்டும் தெரியணும்னா எக்ஸ்லுக்கப் சூப்பர், கிடைக்கலேன்னா என்ன எழுதணும்னு அதுக்குள்ளயே குடுத்துடலாம், தனியா இஃப்எரர் சுத்த வேணாம்.

இப்ப பிவட், அதாவது பெரிய பட்டியலை சுருக்கி கூட்டிக் காட்டுற டேபிள். சொல்லப்போனா இதுலதான் எக்ஸெல் முன்னாடி நிக்குது. கால்க்ல ஸ்லைசர் (பட்டன் அமுக்கி ஃபில்டர் பண்றது) கிடையாது, கால்குலேட்டட் ஃபீல்டும் (பிவட்டுக்குள்ளயே ஃபார்முலா போட்டு சேக்குற ஃபீல்டு) கிடையாது, தனி விண்டோல ஃபீல்டை இழுத்துப் போட்டு ஓகே குடுத்தாத்தான் ரிசல்ட் தெரியும், பிடிக்கலேன்னா திரும்ப உள்ள போகணும். பழகுற வரைக்கும் கடுப்பாதான் இருக்கும். ஆனா பார்ட்டி பேரை ரோவுல, 'இருக்கு / இல்ல'ங்குற ஸ்டேட்டஸை காலம்ல, வரித் தொகையை டேட்டால போட்டா யாருக்கு மொதல்ல போன் அடிக்கணும்னு பளிச்னு தெரியும், அந்தத் தொகைய டபுள் கிளிக் பண்ணா எந்தெந்த பில்னு தனி ஷீட்ல கொட்டும். தேதி ஃபீல்டுல நின்னு எஃப்12 அழுத்துனா மாசவாரியா, காலாண்டுவாரியா குரூப் ஆகும். சோர்ஸ் குடுக்குறப்போ முழு காலமா செலக்ட் பண்ணி 'காலி வரியை விட்டுடு'ங்குற ஆப்ஷனை டிக் பண்ணிட்டா, அடுத்த மாசம் கீழ டேட்டா ஒட்டி ரிஃப்ரெஷ் மட்டும் குடுத்தா போதும். ரிஃப்ரெஷ் தானா நடக்காது.

டூபி ஃபைல்ல மேல மெர்ஜ் பண்ண தலைப்பு இருக்கும், அதை அப்டியே பிவட்டுக்குக் குடுக்காதீங்க, தலைப்பு ஒரே ரோவுல வர்ற மாதிரி மாத்திட்டு ஆரம்பிங்க.

பவர் குவெரி (டேட்டாவை இழுத்து சுத்தம் பண்ற எக்ஸெல் வசதி), பெரிய பெரிய மேக்ரோனு ஓட்டுறவங்க இந்தப் பக்கம் வராதீங்க, ஒத்து வராது. மத்தவங்க ஆடிட்டருக்கு அனுப்புறப்போ மட்டும் எக்ஸ்எல்எஸ்எக்ஸ்ல ஒரு காப்பி சேவ் பண்ணி, பிவட்டை வெறும் வேல்யூவா பேஸ்ட் பண்ணி அனுப்புங்க, அங்க எந்த வெர்ஷன்ல தொறந்தாலும் தொல்லை இல்ல.