மழை சார்ட்டையும் மேப்பையும் இணைத்துத் தருகிறோம் என்பவர்களிடம் உஷார்

தாம்பரம் பக்கம் உள்ள எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு ஒரு டாஷ்போர்டு, அதாவது சார்ட்டும் மேப்பும் ஒரே திரையில் தெரியும் பக்கம், செய்யக் கொடுத்திருந்தோம். மேலே தினசரி மழை அளவு கோட்டு சார்ட்டாக இருக்க வேண்டும். அதில் ஒரு நாளைத் தொட்டால் கீழே மாவட்ட மேப் அந்த நாளுக்கு ஏற்ப நிறம் மாற வேண்டும். ஏரி, கால்வாய் விஷயமாக மனு கொடுக்கும்போது கையில் ஆதாரம் இருக்கட்டும் என்றுதான் கேட்டோம். செய்து கொடுத்த நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. அவர்கள் செய்த வேலை எப்படிப்பட்டது என்பது தெரிந்தால் போதும்.

முதலில் காட்டிய மாதிரி நன்றாகவே இருந்தது. 2022 மழை, மாதவாரியாக. ஒரே வருடம், நாள் கணக்கு இல்லை, எல்லாம் இன்றைய 38 மாவட்டங்கள். அதில் தேதியோ மாவட்ட எல்லையோ தவறாகப் போக வழியே இல்லை. மாதிரியைப் பார்த்து அட்வான்ஸ் வாங்கிக்கொண்டார்கள். முழு வேலை வந்ததும் 2015க்குப் போனோம்.

2015 டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவானது 49 செ.மீ. மழை. எங்கள் பகுதியில் யாரும் மறக்க முடியாத நாள் அது. டாஷ்போர்டில் அன்று சார்ட் தரையோடு படுத்திருந்தது. பிப்ரவரி 12இல் மலை மாதிரி எழுந்து நின்றது. 02/12/2015 என்பதை அமெரிக்க முறையில் மாதம் முதலில், நாள் பின்னால் என்று படித்திருக்கிறார்கள். ஒவ்வொரு மாதமும் 13ஆம் தேதி முதல் வரும் நாட்கள் அப்படிப் படிக்க முடியாததால் சார்ட்டிலேயே இல்லை.

சரி, அந்தப் பிப்ரவரி நாளைத் தொட்டுப் பார்த்தோம். மேப்பில் காஞ்சிபுரம் கருநீலம், செங்கல்பட்டு 0. தாம்பரம் இன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் அந்த மாவட்டம் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்தது 2019 நவம்பரில்தான். பழைய மழை டேபிளில் 'காஞ்சிபுரம்' என்று இருப்பதைப் புதிய எல்லை மேப்பில் அதே பெயரோடு ஒட்டிவிட்டார்கள். இணையாத இடங்களைத் 'தகவல் இல்லை' என்று காட்டாமல் சுழியம் போட்டு நிரப்பியதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. வீட்டுக்குள் வெள்ளம் புகுந்த ஊரில் மழையே இல்லை என்று அதிகாரியிடம் காட்டியிருப்போம்.

தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், மயிலாடுதுறைக்கும் இதே கதிதான். சென்னையில் பெயர் மாறவில்லை, ஆனால் 2018இல் ஆலந்தூர், சோழிங்கநல்லூர், அம்பத்தூர் எல்லாம் உள்ளே வந்து மாவட்டம் இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாகிவிட்டது. பழைய சிறிய சென்னையின் மழையை இன்றைய பெரிய சென்னை மேல் ஒட்டியிருந்தார்கள். தூத்துக்குடி ஒரு டேபிளில் டூட்டிகோரின் என்று இருந்ததால் அடியோடு காணாமல் போயிருந்தது.

அப்புறம் எண்கள். மேப் டேபிளில் தாலுகாவுக்கு ஒரு வரிசை. மாவட்டப் பெயரை வைத்து மழை டேபிளை அதோடு இணைத்தால், அதாவது ஜாயின் செய்தால், ஒவ்வொரு மழைப் பதிவும் அந்த மாவட்டத்தில் எத்தனை தாலுகாவோ அத்தனை முறை பெருகும். இன்றைய காஞ்சிபுரத்தில் ஐந்து தாலுகா. ஆக, தாம்பரத்தின் 49 செ.மீ. மட்டுமே 245 ஆகிவிடுகிறது. சென்னையில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதே சராசரியாகச் சுமார் 140 செ.மீ.தான். இதைப் பார்த்தும் சந்தேகப்படாமல் எப்படி அனுப்பினார்கள்?

கேட்டால், "உங்க டேட்டாதான் சார் சரியில்ல" என்று பதில். சரிசெய்யத் தனிக் கட்டணமாம். ஏற்கெனவே கொடுத்த விலைப்பட்டியலில் 'டேபிள் இணைப்பு' என்று தனி வரி போட்டிருந்தார்கள். மூல ஃபைலைக் கேட்டோம். அது ஒப்பந்தத்தில் இல்லையாம். மீதிப் பணத்தை நிறுத்தி வைத்திருக்கிறோம்.

இப்படி ஒரு வேலை கொடுக்கப் போகிறவர்கள், மாவட்டம் பிரிவதற்கு முந்தைய ஒரு நாளை, அதுவும் 12ஆம் தேதிக்குள் வரும் நாளை, உங்கள் டேட்டாவிலிருந்தே கொடுத்து மாதிரி கேளுங்கள். இணைப்பு பெயரை வைத்து வேண்டாம். மழைமானியின் அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்து எந்த எல்லைக்குள் விழுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். ஜாயினுக்கு முன்னும் பின்னும் மொத்த மழை ஒன்றாக இருக்க வேண்டும். இணையாத வரிசைகளின் பட்டியலும் மூல ஃபைலும் தருவோம் என்று எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.